மஞ்சளா, பிஸ்கட் நிறமா?

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு 'வெள்ளையடிப்பது' என்றுதான் இன்றும் சொல்கிறோம். ஆனால் சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எங்கள் சிவாஜிநகர் வீட்டில் இவ்வருடம் இரண்டு கட்சிகள். மருமகளுக்குப் பிஸ்கட் நிறம். என் துணைவியாருக்கு வெளிர் மஞ்சள். துணைவியாருக்குக் கண்புரை. நடு அறைப் படியில் இருமுறை தடுக்கி விழுந்தவர். ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல.

ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் மஞ்சள்மேல் கறுப்பு எழுத்து இருப்பது தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிவதற்காக. ரயில்வேயில் நிறத்தைப் பெயரால் அல்ல, எண்ணால் கேட்போம். ஐ.எஸ். 5 பட்டியலில் 352 வெளிர் கிரீம், 353 அடர் கிரீம். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் ஏமாற்றாது.

பெயிண்ட் கம்பெனிகள் இன்னொரு எண்ணும் தருகின்றன. விழும் ஒளியில் எவ்வளவைச் சுவர் திருப்பி அனுப்பும் என்பதே அது. கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. வெளிர் மஞ்சள் பெரும்பாலும் 75-க்கு மேல். சற்றே பழுப்பு கலந்த பிஸ்கட் நிறம் 60-ஐ ஒட்டி நிற்கும்.

ரஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும்; பக்க ஜன்னல் கிடையாது. இரு நிறங்களையும் பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு என்று அறைக்கு அறை வைத்துப் பார்த்தேன். மேற்கு வெயில் விழும் முன்கூடத்தில் மஞ்சள் கண்ணைக் கூசியது. நான்கு சுவரும் மஞ்சளானால் ஒன்றின் ஒளி மற்றொன்றில் பட்டு நிறம் இன்னும் கூடும். அங்கே பிஸ்கட் நிறம் இதமாக இருந்தது. நடு அறையிலோ அதுவே 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் பூத்தது; மஞ்சள் அறையைத் திறந்து காட்டியது.

முடிவு: முன்கூடம் மருமகளுக்கு, நடு அறை மாமியாருக்கு. படி விளிம்புக்கும் நிலைக்கும் அடர் பழுப்பு எனாமல். மங்கிய கண்ணுக்கு நிற வேறுபாடுதான் கைத்தடி.

அன்பர்களே, ஷேடு கார்டைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் அடித்து உங்கள் வீட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டில் யாருடைய கண் மங்கலோ, அவரிடம் முதலில் கேளுங்கள்.