டிக்ரியும் ஜப்தியும்

கடன் வழக்கில் டிக்ரி பிறந்தவுடனே யாவும் போயிற்றென்று நம் அங்கத்தினர் பலர் கலங்குகின்றனர். அவ்வாறு கலங்க வேண்டுவதில்லை. டிக்ரி பெற்றவர் 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனுச் செய்தல் வேண்டும். அதன் பின்னரே ஜப்தியும், ஏல அறிவிப்பும், ஏலமும் முறையே வரும்.

பிழைப்புக்குரிய பொருள்களை 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியினின்றும் விலக்கியுள்ளது. உடுதுணி, சமையற் பாத்திரம், படுக்கை, மாங்கல்யம், கைவினைஞரின் தொழிற்கருவிகள் ஆகியவற்றைத் தொடலாகாது. உழவருக்கு ஏர் முதலிய கருவிகளும், பிழைப்புக்குத் தேவையென்று நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதை நெல்லும், அவர் குடியிருக்கும் சொந்த வீடும் காக்கப்படும். இவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கடன் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஆனால், அடமானம் வைத்த சொத்துக்கு அந்த அடமானக் கடனைப் பொறுத்து இக்காப்பு இல்லை.

கோவளம் பக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் நிலவிலை பன்மடங்கு ஏறியிருப்பதை நாம் அறிவோம். சிறு கடனுக்காக நிலம் முழுவதும் ஏலத்தில் போகலாமா? கடன் தீரப் போதிய பகுதியை மட்டுமே விற்பது நீதிமன்றத்தின் கடமையென்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தெளிவுபடுத்தியுள்ளது.

ஏலம் முடிந்த பின்னரும் வழியுண்டு. 60 நாட்களுக்குள், ஏல அறிவிப்பிற் கண்ட தொகையையும், வாங்கியவருக்காக ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 வீதமும் நீதிமன்றத்தில் கட்டி மனுச் செய்தால் ஏலம் ரத்தாகும்.

ஆயினும், கேளாதவனுக்குச் சட்டம் தானே வந்து உதவுவதில்லை. ஆதலின் நோட்டீசு கிடைத்தவுடன் அதை எரவாணத்திற் செருகி வைத்துவிடாமல், குறித்த நாளில் வழக்கறிஞர் மூலம் ஆஜராகி, தறியும் ஏரும் நம் பிழைப்புக்குரியவை என்று எழுத்து மூலம் தெரிவிப்போமாக.