எஸ். மீனாட்சி அம்மாள்

எஸ். மீனாட்சி அம்மாள் (1905 - 1962) சென்னையில் வாழ்ந்த தமிழ்ச் சமையல் நூலாசிரியர் ஆவார். இவர் எழுதிய சமைத்துப் பார் என்னும் நூலின் முதற்பாகம் 1951 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வாழ்க்கை

இளம் வயதிலேயே கணவரை இழந்த மீனாட்சி அம்மாள், சமையலில் தேர்ந்தவர் எனச் சுற்றத்தாரிடையே பெயர் பெற்றிருந்தார். உறவுப் பெண்கள் பலர் இவரிடம் செய்முறை கேட்டறிவது வழக்கம். அவற்றை நூலாக எழுதுமாறு ஊக்குவித்தவர் உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர். வழக்கறிஞரான அவர் சென்னை மியூசிக் அகாதெமியின் தலைவராகவும் இருந்தவர்.

சமைத்துப் பார்

அக்காலத்தில் தமிழ் வீடுகளில் சமையல் என்பது தாயின் அல்லது மாமியாரின் அருகில் நின்று கற்கும் கலையாகவே இருந்தது. அளவு என்பது கண்ணளவும் கைப்பக்குவமுமே. வேலையின் பொருட்டுக் குடும்பங்கள் பம்பாய், தில்லி போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அவ்வாறு அருகில் நின்று கற்பிக்க ஆளில்லாது போயிற்று. அத்தகைய வீட்டில் தனித்து அடுப்பேற்றும் இளம்பெண்ணுக்கு ஏற்றவாறு பொருள்களின் அளவும் செய்முறையின் வரிசையும் இந்நூலில் தரப்பட்டுள்ளன. சாம்பார், குழம்பு, ரசம், கூட்டு, பச்சடி, பட்சணம், ஊறுகாய் எனப் பலவும் இதில் அடங்கும். மணப்பெண்ணுக்குச் சீராக இந்நூலைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது.

முதற்பதிப்பு வெளிவந்தபோது படி, ஆழாக்கு, பலம் ஆகிய அளவைகளே புழக்கத்தில் இருந்தன. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. பலம் ஏறத்தாழ 35 கிராம். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பழைய பிரதியை வைத்திருப்போர் இன்று இவற்றை மாற்றிக் கணக்கிட வேண்டியுள்ளது.

நூல் மூன்று பாகங்களாக விரிந்தது. மூன்றாம் பாகம் பண்டிகை, திருமணம் முதலியவற்றுக்குரிய சமையலையும் கூறுகிறது. ஆங்கிலத்திலும் இந்நூல் பெயர்க்கப்பட்டது. தேர்ந்தெடுத்த செய்முறைகளின் ஆங்கிலத் தொகுப்பைப் பெங்குயின் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

வீட்டுச் சமையலை நூலாக்கியோருள் இவரோடு ஒப்பிடத்தக்கவர் இத்தாலியரான பெல்லெகிரினோ அர்த்தூசி. அவர் 1891 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் இத்தாலிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்துள்ளது.

எல்லை

இது பிராமணக் குடும்பங்களின் சைவச் சமையலைச் சார்ந்த நூல். ஆகவே தமிழர் சமையல் முழுமைக்கும் இதனையே சான்றாகக் கொள்வது பொருந்தாது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் பெயர்பெற்ற புரோட்டாவும் கோழிக்கறியும் இந்நூலின் எல்லைக்கு வெளியே நிற்பவை. நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் திருமணத்தை ஒட்டிய விருந்தில் பரிமாறப்படும் சொதி, தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யப்படுவது. இஞ்சிப் பச்சடியைத் துணையாகக் கொண்ட இதன் பக்குவம், அவ்வீட்டுப் பெண்களிடமிருந்தே கேட்டு எழுதப்பட வேண்டியதாகும்.