பழ ஐஸ்கிறீமும் புரதச் சத்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐஸ்கிறீமை விரும்பாத சிறுவரைக் காண்பது அரிது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் சுற்றாடலிலுள்ள ஐஸ்கிறீம் கடைகளை நாடி வெளியூராரும் வருவர். எனினும், அதனை நாவுக்கினிய பண்டமென்று கருதுவோர் பலர். உணவென்று கருதுவோர் சிலரே. சோற்றையும் மீனையும் ஒதுக்கும் குழந்தையும், காய்ச்சலால் வாய் கசந்திருக்கும் முதியவரும் குளிர்ந்த இனிப்பை எளிதில் மறுப்பதில்லை. அவர்கள் விரும்பி உண்ணும் அப்பண்டத்திலேயே உடலை வளர்க்கும் புரதத்தையும் சேர்த்துவிடலாம்.

இதற்குப் பழம் மட்டும் போதாது. 100 கிராம் மாம்பழச் சதையில் 1 கிராம் அளவு புரதமும் இல்லை. அதே நிறைத் தயிரில் 3 முதல் 4 கிராம் வரை உண்டு. ஆடை நீக்கிய பால்மாவிலோ ஏறக்குறைய 35 கிராம் உண்டு. ஆகவே சுவையைப் பழமும், புரதத்தைத் தயிரும் பால்மாவும் தரவேண்டும்.

800 கிராம் தயிரைச் சுத்தமான மெல்லிய துணியிற் கட்டி, குளிரான இடத்தில் நீர் வடியவிட்டால் 400 கிராம் அளவு கெட்டித் தயிர் கிடைக்கும். 60 கிராம் பால்மாவை, காய்ச்சி ஆறவைத்த 100 மில்லிலீற்றர் பாலிற் கட்டியின்றிக் கரைத்து, 100 கிராம் சீனியும் சேர்க்கவேண்டும். நன்கு கனிந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் சதை 400 கிராம் எடுத்துக் கடைந்து, நாரிருப்பின் அரிதட்டில் வடித்து, யாவற்றையும் ஒன்றாகக் கலக்கவேண்டும். இக்கலவையின் 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம் புரதம் இருக்கும். சாதாரண ஐஸ்கிறீமில் இருப்பது 3 முதல் 4 கிராமே.

புரதத்தால் வேறொரு பயனும் உண்டு. பழச்சாறு தனியே உறைந்தால் அதன் நீர் பெரிய பளிங்குகளாகிப் பல்லிற் கடிபடும். பாற்புரதம் நீரைத் தன்னோடு பிணித்துப் பளிங்குகளைச் சிறியனவாக வைத்திருக்கும். ஆயினும் பால்மாவை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தால், பாலிலுள்ள வெல்லம் பிரிந்து மணல்போல் நறநறக்கும்.

அன்னாசிப்பழத்தைப் பச்சையாகச் சேர்த்தல் ஆகாது. அதிலுள்ள நொதியம் பாற்புரதத்தைச் சிதைத்துக் கைப்பை உண்டாக்கும். துண்டுகளைச் சீனியுடன் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறியபின் சேர்த்தால் அக்குறை நீங்கும்.

கலவையை மூடிய பாத்திரத்தில் உறைபெட்டியில் வைத்து, அரைமணிக்கொருமுறை வெளியிலெடுத்து மூன்று நான்கு தடவை நன்கு கலக்கவேண்டும். உறைபெட்டி இல்லாத வீட்டில், உடைத்த பனிக்கட்டி மூன்று பங்கும் உப்பு ஒரு பங்கும் கலந்து, அதனிடையே பாத்திரத்தைப் புதைத்துச் சுழற்றலாம். உப்பு பனிக்கட்டியை உருகச் செய்கிறது; உருகுவதற்கு வேண்டிய வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்தும் கலவையிலிருந்தும் இழுக்கப்படுகிறது. அதனால் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கும் மேலாக இறங்கும்.

மின்சாரம் நின்று முற்றாக உருகி, நெடுநேரம் வெளிச்சூட்டில் இருந்த ஐஸ்கிறீமை மீண்டும் உறையவைத்து உண்ணலாகாது. குளிர் கிருமிகளை அடக்குமேயன்றி அழிக்காது. நீரிழிவு, சிறுநீரக நோய் உடையோர் இதனை உண்ணுமுன் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். ஏனையோருக்கு, மாம்பழம் மலிந்த வைகாசி, ஆனி மாதங்களில் இது இனிப்பாகவும் உணவாகவும் ஒருங்கே பயன்படும்.