தராசும் தாசில்தாரும்: தமிழில் பாரசீகத்தின் சுவடுகள்



லெம்பா பெர்த்தாம் என்னும் இவ்வூர்ப் பெயரே ஒரு மொழிப்பாடம். 'லெம்பா' என்பது பள்ளத்தாக்கு. 'பெர்த்தாம்' என்பது மலாய்க் காடுகளில் வளரும் ஒருவகைப் பனை. 1929ஆம் ஆண்டில் போ தேயிலை நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு இம்மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் கொழுந்து கிள்ளி வந்துள்ளனர். மாலையில் கூடைகள் நிறுவைக்கு வரும்போது எழும் பேச்சை நினைத்துப் பாருங்கள். "தராசைப் பார்", "நிறை கம்மி", "போன மாதத்துப் பாக்கி", "பரவாயில்லை". இந்நான்கிலும் பாரசீகம் இருக்கிறது. தராசு என்பது பாரசீகத் 'தராஸூ'. கம்மி, குறைவைக் குறிக்கும் 'கம்' என்பதன் வழி வந்தது. பாக்கி அரபுச் சொல்லாயினும் பாரசீகத்தின் வழியாகவே நம்மை அடைந்தது. 'பர்வா' என்றால் கவலை. அதனோடு நம் 'இல்லை' சேர்ந்து பரவாயில்லை ஆயிற்று.

ஈரான் நாட்டைக் கண்ணாலும் காணாத தோட்டத் தொழிலாளியின் நாவில் இச்சொற்கள் எவ்வாறு ஏறின? இதற்கு விடை காண, இசுலாத்தின் வருகைக்குப் பின் பாரசீக, ஆப்கானிய மக்கள் கடந்து வந்த வரலாற்றை ஓரளவேனும் அறிதல் வேண்டும்.

அரசு வீழ்ந்தது, மொழி வீழவில்லை

கி.பி. 224 முதல் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசு, 642ஆம் ஆண்டு நஹாவந்த் போரில் அரபுப் படையிடம் நிலைகுலைந்தது. கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து 651இல் மெர்வ் நகரருகே கொல்லப்பட்டார். அதே நூற்றாண்டின் இறுதியில் அரசாங்கக் கணக்குகளும் பாரசீகத்திலிருந்து அரபுக்கு மாற்றப்பட்டன. எகிப்தில் கொப்திய மொழி காலப்போக்கில் தேவாலய வழிபாட்டளவில் ஒடுங்கியது. சிரியாவில் அரமேயம் சிற்றூர்களுக்குள் சுருங்கியது. பாரசீகத்துக்கும் அதே முடிவு நேர்ந்திருக்கலாம். நேரவில்லை.

மக்கள் சில நூற்றாண்டுகளில் படிப்படியாக இசுலாத்தைத் தழுவினர்; ஆயினும் வீட்டிலும் சந்தையிலும் தம் மொழியையே பேசினர். பழைய நிலக்கிழார் குடும்பங்கள் முன்னோர் கதைகளைக் காத்து வைத்தன. பாக்தாதுக்குத் தொலைவில், புகாராவைத் தலைநகராகக் கொண்ட சாமானிய மன்னர்கள் (819 - 999) அம்மொழிக்கு அவையில் இடமளித்தனர். ரூதகி அங்கே பாடினார். தபரியின் அரபு வரலாற்று நூலைப் பல்அமி என்னும் அமைச்சர் 963இல் பாரசீகமாக்கத் தொடங்கினார். தூஸ் நகரத்துப் பிர்தௌசி 1010இல் 'ஷாநாமா' காப்பியத்தை முடித்தார். எழுத்து மட்டும் மாறிற்று. அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகளை ஏற்றுக்கொண்ட பாரசீகர், அதில் இல்லாத ப, ச, க முதலான தம் ஒலிகளுக்கென நான்கு எழுத்துகளைக் கூட்டிக்கொண்டனர். மலாயின் சாவி எழுத்தில் 'ச' ஒலிக்கு வழங்கும் குறி அந்நான்கனுள் ஒன்றே.

நமாஸும் தொழுகையும்

இங்கு மாணவர்கள் ஒன்றைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். ஐவேளை வழிபாட்டை அரபியர் 'ஸலாத்' என்பர். பாரசீகர் அதனைத் தம் பழஞ்சொல்லான 'நமாஸ்' என்பதால் குறித்தனர். வடமொழி 'நமஸ்' என்பதும் அதுவும் ஒரே வேரினவை. நோன்பாகிய 'ஸவ்ம்' அவர்களிடம் 'ரோஸா' ஆயிற்று. வட இந்திய முசுலிம்கள் வழங்குவது இப்பாரசீகச் சொற்களையே.

தமிழ் முசுலிம்களோ 'தொழுகை' என்றும் 'நோன்பு' என்றும் கூறுகின்றனர். மலாய் மக்கள் 'செம்பாயாங்' என்றும் 'புவாசா' என்றும் கூறுகின்றனர். புவாசா நம் 'உபவாசம்' என்னும் சொல்லின் உறவே. மூன்று மக்களும் ஒரு சமயத்தை ஏற்றனர்; அதன் அடிப்படைக் கடமைகளுக்குத் தத்தம் மொழியில் முன்னமே இருந்த சொற்களைக் கொடுத்தனர். அரபு மொழியை வேதமொழியாகப் போற்றியபடியே தாய்மொழியையும் காத்த வழி இது.

ஆப்கானியரின் பங்கு

ஆப்கானியரும் பாரசீகரும் ஒருவரல்லர். பட்டாணியர் எனத் தமிழில் வழங்கும் பஷ்தூன் மக்களின் மொழி பஷ்தோ. பாரசீகத்துக்கு உறவுடைய தனிமொழி. அந்நாட்டில் வழங்கும் பாரசீகம் 'தாரி' எனப்படும். 17ஆம் நூற்றாண்டில் ஔரங்கசீப்பை எதிர்த்து நின்ற குஷ்ஹால்கான் கட்டக் பஷ்தோவில் பெருங்கவிஞர். ஆயினும் பஷ்தோச் சொற்கள் இந்திய மொழிகளில் மிகக் குறைவு. காரணம் எளிது. இன்றைய ஆப்கானிஸ்தானத்துக் கஜினியிலிருந்தும் கோரிலிருந்தும் வந்த அரசர்களும், தில்லியில் 1451 முதல் 1526 வரை ஆண்ட ஆப்கானிய லோடி மரபினரும், பின்வந்த ஷேர்ஷா சூரும் அரசாணைகளையும் ஏடுகளையும் பெரும்பாலும் பாரசீகத்திலேயே எழுதுவித்தனர். பேசும் மொழி எதுவாயினும், அலுவலக மொழி பாரசீகமாகவே இருந்தது.

அலுவலகத்தின் வழியே தமிழுக்கு

அக்பரின் அமைச்சர் தோடர்மால் 1582இல் வருவாய்க் கணக்கு முழுவதையும் பாரசீகத்தில் எழுதச் செய்தார். 1698இல் முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியபின் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி வேரூன்றிற்று. நில அளவை, வரி, வழக்கு ஆகிய துறைகளில் பாரசீகச் சொற்கள் தமிழில் நிறைந்தன. தர்பார், சர்க்கார், குமாஸ்தா, ரசீது, தஸ்தாவேஜு, பந்தோபஸ்து, சிபாரிசு என்னும் பட்டியல் நீண்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1837இல் பாரசீகத்தை அரசு மொழிப் பதவியிலிருந்து நீக்கியது, சொற்கள் நீங்கவில்லை.

'தாசில்தார்' என்னும் ஒரு சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'தஹ்சீல்' என்பது தண்டலைக் குறிக்கும் அரபுச்சொல். 'தார்' என்பது உடையவர் எனப் பொருள்தரும் பாரசீக ஈறு. ஈரானியர் அரபுச் சொற்களை ஏற்று, தம் இலக்கணத்தால் அவற்றை ஆண்ட வரலாறு இவ்வொரு சொல்லுள் அடங்கியுள்ளது. நாமும் அதனையே செய்தோம். அந்த ஈற்றோடு நம் பலர்பால் விகுதியைச் சேர்த்துப் பங்குதாரர், மனுதாரர், விண்ணப்பதாரர் என ஆக்கிக்கொண்டோம்.

வழியைக் காட்டும் ஒலி

இச்சொற்கள் அரபிலிருந்து நேரே வந்தனவா, பாரசீகத்தைச் சுற்றி வந்தனவா என்பதை ஒலியே காட்டிவிடும். வந்திருப்பவரைக் குறிக்கும் அரபுச் சொல்லின் நடு ஒலி டகரத்தை ஒத்தது. பாரசீகர் அதை 'ஸ்' போல ஒலித்து 'ஹாஸிர்' என்றனர். அதுவே தமிழில் 'ஆஜர்'. மலாயிலோ 'ஹாடிர்' என டகரம் நின்றது. பள்ளி வருகைப் பதிவேட்டில் நீங்கள் நாள்தோறும் காணும் 'கெஹாடிரான்' அதிலிருந்து பிறந்தது. அவ்வாறே தமிழகத்துக் 'காஜி' பாரசீக வழியது. மலாயின் 'காடி'யும் இலங்கைத் தமிழின் 'காதி'யும் அரபு ஒலியை ஒட்டியவை.

பாரசீகம் மலாய்க்குக் கடல்வழி வந்தது. மலாக்காவில் வணிகக் குழுவினரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர், அப்பதவிப்பெயர் பாரசீகம். 'பண்டார்', 'சௌடாகார்', 'நகோடா' ஆகியவையும் அவ்வாறே. நம் 'திவான்' மலாயில் 'டேவான்'. நம் 'பஜார்' அங்கே 'பாசார்'. தமிழ்ப் பிள்ளைகள் இரவுச் சந்தைக்குப் 'பாசார் மாலாம்' என்று போகும்போது, பாட்டன் நிலவழியே பெற்ற சொல்லைப் பேரன் கடல்வழியே மீண்டும் பெறுகிறான்.

வகுப்பறைக்கு

பிள்ளை கட்டுரையில் 'கம்மி' என்று எழுதினால் ஆசிரியர் என் செய்வது? 'குறைவு' என்று திருத்துவது முறையே. கட்டுரை நடை அதனை வேண்டும். ஆனால் "இது தமிழே அன்று" எனச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்வது முறையன்று. அது அப்பிள்ளையின் பாட்டி நிறுவையிடத்தில் தன் கூலிக்காக வாதாடிய சொல். அதன் வரலாற்றை இரண்டு வரியில் சொல்லி, 'குறைவு' எங்கே பொருந்தும், 'கம்மி' எங்கே பொருந்தும் என்று காட்டினால் பிள்ளைக்கு இரண்டு சொல்லும் சொந்தமாகும். தராசுக்குத் துலாக்கோல் என்றும் நிறைகோல் என்றும் தமிழ்ப்பெயர் உண்டென்பதையும் அப்போதே கற்பிக்கலாம்.

இந்நாட்டில் தமிழின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைகொள்வோர் பாரசீகத்தின் வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மொழி ஆயிரக்கணக்கான அரபுச் சொற்களை ஏற்றது. ஆகவே பிறசொல் கலவாமையால் அது பிழைத்தது எனக் கூற இயலாது. வரலாறு எழுதவும், கணக்கு எழுதவும், கதை சொல்லவும், சமயம் விளக்கவும் பயன்பட்டமையால் பிழைத்தது. இப்பள்ளத்தாக்குப் பிள்ளைகளின் தமிழில் எத்தனை மலாய்ச் சொற்கள் கலந்தன என்று எண்ணுவதைவிட, எத்தனை வேலைகளை அவர்கள் தமிழால் செய்கிறார்கள் என்று எண்ணுவதே தக்க அளவுகோல்.

ஒரு பயிற்சியோடு முடிக்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் நிறுவை, கூலி, கடன், கடை பற்றிய இருபது சொற்களைக் கேட்டு எழுதுக. அருகே அதற்கான செந்தமிழ்ச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் எழுதுக. இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்தவரிடம் 'பாக்கி', 'ரசீது' என்று சொல்லிப் பார்க்கவும் தயங்கற்க. அவை அவர்களின் மொழியிலும் உள்ளன. அவ்வேட்டை ஆசிரியர்கள் திருத்தும்போது மதிப்பெண் இடுவதோடு நில்லாமல், படியெடுத்துப் பள்ளி நூலகத்திலும் வைக்க வேண்டுகிறேன். அச்சொற்களைச் சொல்லத்தக்க முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.