காற்றுக்குக் கட்டும் டீசல்

நெடுஞ்சாலைக் கணக்கு – 12

சென்ற வாரம் எஞ்சினுக்குள் போய்ப் பார்த்தோம். எரிகிற டீசலில் பாதிக்கும் மேல் வெறும் சூடாகவே புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுகிறது. தப்பிப் பிழைத்துச் சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியை யார் தின்கிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கணக்கு.

அமெரிக்காவின் பதினெட்டுச் சக்கர டிரெய்லர் லாரியையே எடுத்துக்கொள்வோம். முன்னால் கேபினோடு இழுவை வண்டி, பின்னால் 53 அடி நீளப் பெட்டி. சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36 டன் வரை சட்டம் அனுமதிக்கிறது. இத்தனை பாரத்தை இழுக்கத்தான் டீசல் செலவாகிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சமதளச் சாலையில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கரத்துக்கு வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, எதிரே நிற்கும் காற்றை விலக்கித் தள்ளவே போய்விடுகிறது. மீதியில் பெரும்பங்கு டயர் உருள்வதற்கு. வேகம் 88-லிருந்து 105-க்கு ஏறினால் காற்றின் தடை 40 சதவீதம் கூடும். நம்மூரில் ஐம்பதிலும் அறுபதிலும் போகிற லாரிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே டயரும், நொடிக்கொரு தரம் மிதிக்கும் பிரேக்கும்தான் டீசலைக் குடிக்கின்றன.

காற்றின் இந்தப் பங்கை லாரிக்காரர்களுக்கு அளந்து காட்டியவர்களில் ஒருவர் விமானப் பொறியாளர். பெயர் எட்வின் சால்ட்ஸ்மன். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பின்னாளில் டிரைடன் என்று பெயர் பெற்ற நாசா மையத்தில் வேலை. 1973-இல் சைக்கிளில் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். பின்னாலிருந்து லாரி நெருங்கும்போது காற்று அவரைச் சாலையோரப் புதருக்குத் தள்ளியது. லாரி கடந்ததும் அதே காற்று அவரைச் சாலைப் பக்கம் இழுத்தது. லாரி ஓட்டும் எவரையும் கேட்டால் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் சால்ட்ஸ்மனுக்குக் காற்றுத் தடையை அளப்பதுதான் தொழில். தன்னைத் தள்ளியதும் இழுத்ததும் யாரோ காசு கொடுத்து வாங்கிய டீசல் என்பது அவருக்குப் பிடிபட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. அடுத்த ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர், என்று வேக வரம்புச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார்.

மையத்தில் ஓய்வு கொடுத்து ஓரங்கட்டியிருந்த ஒரு ஃபோர்டு வேன் இருந்தது. சால்ட்ஸ்மனும் கூட்டாளிகளும் அதைச் சுற்றிச் சட்டம் கட்டி அலுமினியத் தகடு அடித்தார்கள். எல்லா மூலைகளும் கூராக, ஒரு முழுப் பெட்டி. ‘ஷூ பெட்டி’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. சோதனையும் எளிமையானதுதான். வேகம் பிடித்து, நியூட்ரலில் போட்டு, வண்டி தானாக வேகம் குறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மூலைகளை உருட்டிவிட்டு மறுபடி அதே ஓட்டம். மூலைகளை மட்டும் உருட்டியதில் காற்றுத் தடை பாதிக்கும் மேல் குறைந்தது. உள்ளே இழந்த இடம் மிகச் சொற்பம். அடிப்பாகத்தை மூடினார்கள், பின்பக்கத்தைப் படகின் வால்போலக் குறுக்கினார்கள், இன்னும் குறைந்தது. அடுத்து நிஜமான டிரெய்லர் லாரி ஒன்றையே கொண்டுவந்து மாற்றிப் பார்த்தார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் கால் பங்கு வரை டீசல் மிச்சமாகும் என்று மதிப்பிட்டார்கள்.

ஆக, தெரிய வேண்டியதில் பெரும்பகுதி எழுபதுகளிலேயே தெரிந்துவிட்டது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் அந்த நாட்டில் சதுர முதுகோடு டிரெய்லர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏன்?

லாரியின் முன்பக்கம் மாறியது. 1985-இல் கென்வொர்த் நிறுவனம் சரிந்த மூக்கோடு டி600 என்ற வண்டியை இறக்கியபோது ஓட்டுநர்கள் அதை ‘எறும்புத்தின்னி’ என்று கேலி செய்தார்கள். நீண்டு நிமிர்ந்த சதுர மூக்குதான் அவர்களுக்குக் கம்பீரம். ஆனாலும் வண்டி விற்றது. வாங்கியவரே டீசலுக்கும் காசு கொடுப்பவர். மிச்சம் அவர் பைக்குத்தான் போகும். மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

சிக்கல் பின்னால் தொங்கும் பெட்டியில். இழுவை வண்டி ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்று டிரெய்லர் என்பது அங்கே நடைமுறை. ஒன்றை இழுக்கும்போது ஒன்றில் சரக்கு ஏறும், இன்னொன்றில் இறங்கும். பல டிரெய்லர்களின் சொந்தக்காரர் சரக்குக்காரர் அல்லது வாடகைக் கம்பெனி. டீசல் போடுபவர் வேறொருவர். டிரெய்லரின் இருபுறமும் சக்கரங்களுக்கு நடுவே பாவாடைபோலத் தொங்கும் பலகை மாட்டினால் நெடுஞ்சாலையில் நான்கைந்து சதவீதம் டீசல் மிச்சம். ஆனால் யாரோ மிச்சம் பிடிக்க நான் ஏன் பலகை வாங்க வேண்டும் என்பது டிரெய்லர்காரரின் கேள்வி. நியாயமான கேள்விதான், அவர் இடத்திலிருந்து பார்த்தால்.

கலிபோர்னியா 2010 முதல் பலகை போன்றவற்றைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. அந்த மாநிலத்துக்குள் வரும் நீளப் பெட்டிகளும் விதியில் அடங்கும் என்பதால் பலகைகள் நாடெங்கும் பரவின. 2016-இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை டிரெய்லர்களுக்கும் நாடு தழுவிய விதி போட்டது. டிரெய்லர் தயாரிப்பாளர் சங்கம் வழக்குக்குப் போனது. சட்டம் மோட்டார் வாகனங்களைப் பற்றியது; தானாக நகராத டிரெய்லர் எப்படி மோட்டார் வாகனமாகும் என்று வாதாடினார்கள். 2021 நவம்பரில் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டு டிரெய்லர் விதியை ரத்து செய்தது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். காற்றுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

ஓட்டுநரிடமும் இதே கதைதான். அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில் சம்பளம். வேகமாகப் போனால் வருமானம் அவருக்கு, டீசல் செலவு முதலாளிக்கு. பின்கதவில் மாட்டும் மடக்கு வால் ஒன்று சந்தைக்கு வந்தது. ஒவ்வொரு சரக்கிறக்கத்திலும் அதை மடக்கி, மறுபடி விரிக்க வேண்டிய வேலை ஓட்டுநர் தலையில். அதற்குத் தனிக்கூலி எங்கே? வால் மடங்கியபடியே ஊர் சுற்றியது. இரவு உறக்கமும் அப்படித்தான். 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வு கட்டாயம். கேபினில் ஏ.சி. ஓட எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு மூன்று லிட்டர். விடியும்போது 30 லிட்டர் காலி, வண்டி ஓர் அடி நகராமல். தனி பேட்டரி ஏ.சி. வைத்துக் கொடுக்காத முதலாளி, வெயிலில் வெந்துகொண்டு தூங்கு என்று ஓட்டுநரிடம் சொல்ல முடியாது.

பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டார்கள். 2010-இல் எரிசக்தித் துறை தொடங்கிய ‘சூப்பர் டிரக்’ திட்டத்தில் டைம்லர் நிறுவனம் செய்து காட்டிய வண்டி 2015-இல் லிட்டருக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டியது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2017-இல் நடந்த ‘ரன் ஆன் லெஸ்’ ஓட்டம். ஏழு லாரிகள், ஏழு ஓட்டுநர்கள், 17 நாட்கள், அன்றாடச் சரக்கு, கடையில் கிடைக்கும் சாமான்கள் மட்டும். சராசரி லிட்டருக்கு 4.3 கிலோமீட்டர் வந்தது. நாட்டின் சராசரி அப்போது 2.7. ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடும் வண்டிக்கு இந்த வித்தியாசம் 21,000 லிட்டருக்கு மேல்.

பொறியாளர்கள் தங்கள் வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள் என்பதே என் கட்சி. மிச்சமாகும் டீசலில் டிரெய்லர்காரருக்கும் ஓட்டுநருக்கும் பங்கு எழுதிவைக்கும் முதலாளிதான் இந்த 21,000 லிட்டரைப் பார்ப்பார். டயரின் காற்று பத்து பவுண்டு குறைந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் வண்டியின் டயர்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.