பெயரை எடுத்தால் மட்டும் போதாது

ஆராய்ச்சிக்கு வரும் மருத்துவப் பதிவில் ஒரு இக்கட்டு உண்டு. நோயாளி யார் என்று ஆய்வாளருக்குத் தெரியக் கூடாது. ஆனால் போன வருடத்து ரத்தப் பரிசோதனையும் இந்த வருடத்து ஸ்கேனும் ஒரே ஆளுடையவை என்று தெரிந்தாக வேண்டும். பெயரை அடித்துவிட்டால் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது. அதனால் பெயர் இருந்த இடத்தில் ஒரு மாற்று அடையாளத்தை வைக்கிறார்கள்.

ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான ‘மைன்ஸெலிஸ்டே’ என்ற திறமூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. பெயர், பிறந்த தேதி முதலியவற்றைக் கொடுத்தால் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்றைத் தரும். அதைவிடப் பெரிய வேலை, பெயரின் எழுத்து சற்றே மாறி வந்தாலும், இவர் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்தானா என்று ஒப்பிட்டுச் சொல்வது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் தன் பெயரை நான்கு விதமாகப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் ஆய்வாளர் கைக்குப் போகாது. வேறொரு பொறுப்பாளரிடம் தனியாக இருக்கும். 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படிப் பிரித்து வைக்கத்தான் சொல்கிறது.

‘பட்டியல் எதற்கு, நோயாளி எண்ணை ஹேஷ் செய்தால் போதாதா?’ என்று கேட்கும் புரோகிராமர்கள் உண்டு. போதாது. ஹேஷ் என்பது எண்ணை ஒரு கணக்கின் வழியே வேறொரு குறியீடாக மாற்றுவது. அந்தக் குறியீட்டிலிருந்து எண்ணை நேரடியாகப் பெற முடியாது என்பது உண்மைதான். ஆனால் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் தரும் நோயாளி எண்ணுக்குப் பத்து இலக்கம். அதில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. மிஞ்சிப்போனால் 100 கோடி எண்கள். அத்தனைக்கும் ஹேஷ் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய சாதாரணக் கணினிக்கே பெரிய வேலையில்லை. ஹேஷுடன் ஒரு ரகசியச் சாவியும் சேர வேண்டும். அந்தச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்து, நிரலை எல்லோருக்கும் அனுப்பினால் அதுவும் வீண்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் மற்ற விவரங்கள் காட்டிக்கொடுக்கும். 1990-களில் அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர், பெயர் நீக்கப்பட்ட அரசு ஊழியர் மருத்துவப் பதிவுகளை, 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே எடுத்துக் காட்டினார். உதவியவை பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான்.

ஆகவே தேதிகளையும் அப்படியே விடுவதில்லை. ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாட்கள் நகர்த்துவது ஒரு வழி. அறுவைச் சிகிச்சைக்கும் அடுத்து வந்த காய்ச்சலுக்கும் இடைப்பட்ட நாட்கள் மாறாது. அல்ட்ராசவுண்ட் படங்களைத் தனியே கவனிக்க வேண்டும். கோப்பின் தலைப்புப் பகுதியில் பெயரை மாற்றிய பிறகும், படத்தின் மூலையில் அது பதிந்தே இருக்கலாம்.