வீட்டு வரி பாக்கி யார் தலையில்?
சேர்ந்து குடியிருக்கும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

கௌதள்ளி:

வாடகையை மாதம் தவறாமல் கொடுக்கிறோம். கரண்டு பில்லும் கட்டுகிறோம். வீட்டு வரியை மட்டும் "அது வீட்டுக்காரர் பாடு" என்று விட்டுவிடுகிறோம். பொதுவாக அது சரிதான். ஆனால் கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் வீடு எடுத்திருப்பவர்கள் அதையே நம்பிச் சும்மா இருந்துவிட முடியாது. வீட்டுக்காரர் கட்டாமல் விட்ட வரி, அந்த வீட்டில் கடைசியாகத் தங்கியிருப்பவரைத் தேடி வருவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர் கௌதள்ளி. பழைய மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதில் போயிற்று. 1956 நவம்பர் 1-ந் தேதிக்கு முன்பு கொள்ளேகால் தாலுகாவே கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. மலையைத் தாண்டி பாலாறு வழியாகப் போனால் மேட்டூர். ஆகவே இந்தப் பக்கத்துக்குத் தமிழ் புதிதல்ல. பிழைப்புக்கு வரும் தமிழரும் புதியவர் அல்லர். கட்டட வேலை, ஓட்டல் வேலை, கடை வேலை என்று வருகிறவர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு பிடிப்பது எங்கும் உள்ள வழக்கம்.

நால்வர் பிடித்த வீடு

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நாலு பேர் சேர்ந்து மாதம் 4,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கிறார்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார். வாடகையை ஒருவர் வசூல் செய்து அனுப்புகிறார். இரண்டு வருடத்தில் இருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள். ஒருவர் ஊரோடு போய்விடுகிறார். மிஞ்சிய ஒருவரிடம் பஞ்சாயத்து ஆள் வந்து, "இந்த வீட்டுக்கு மூன்று வருடக் கந்தாயம் 2,400 ரூபாய் பாக்கி" என்கிறார். இவர் என்ன செய்வது?

சட்டம் சொல்வது என்ன?

கர்நாடகப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1993-ல் வந்தது. அதன்படி வீட்டு வரி கட்ட வேண்டியவர் வீட்டின் உரிமையாளர். ஆனால் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. உரிமையாளர் பஞ்சாயத்து எல்லையை விட்டுப் போய்விட்டாலோ, ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, அந்த வீட்டில் குடியிருப்பவர் அந்த வரிக்குப் பொறுப்பாவார். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பது சின்ன விஷயமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறவும் சட்டம் வழி சொல்கிறது. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவைப் பாருங்கள். வீட்டுக்காரர் கட்ட வேண்டிய தொகையை அவர் கட்டாமல் விட்டு, அது குடியிருப்பவரிடமோ சொத்தின் மீதோ வசூலாகக் கூடியதாக இருந்தால், குடியிருப்பவரே அதைக் கட்டிவிட்டு வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 69-வது பிரிவும் இதையே சொல்கிறது. அதற்கு அந்தச் சட்டமே தரும் உதாரணம் சுவையானது. வங்காளத்தில் ஒரு ஜமீன்தார் சர்க்காருக்குத் தீர்வை கட்டவில்லை. நிலம் ஏலத்துக்கு வருகிறது. குத்தகைக்காரர் தம் குத்தகை போய்விடுமே என்று அந்தப் பாக்கியைக் கட்டுகிறார். அந்தத் தொகையை ஜமீன்தார் அவருக்குக் கொடுத்தே தீர வேண்டும். நம் நாலு பேர் கதையும் ஏறக்குறைய இதுதான்.

வீட்டைக் காலி செய்யும் நேரமானால் அட்வான்சுடன் சேர்த்துக் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் வழக்குப் போட, பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு.

கூட இருந்தவர்கள் கணக்கு

வாடகைப் பத்திரத்தில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால், வாடகை பாக்கி முழுவதையும் அவர்களில் யாராவது ஒருவரிடம் வீட்டுக்காரர் கேட்கலாம். "என் பங்கை நான் கொடுத்துவிட்டேன்" என்ற பதில் செல்லாது. ஆனால் முழுவதையும் கட்டியவர் மற்ற மூவரிடமும் சம பங்கு கேட்டு வாங்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு இது. வரியையும் சேர்ந்தே கட்டுவதாக நால்வரும் எழுதிக்கொடுத்திருந்தால் அதற்கும் இதே கணக்குத்தான். 2,400 ரூபாயில் ஆளுக்கு 600.

அப்படி எழுத்தில் எதுவும் இல்லாதபோதுதான் வம்பு. வரி பாக்கி, அன்றைக்கு வீட்டில் இருப்பவரிடம் வந்து நிற்கும். முன்பே போனவர்கள் கை கழுவிவிடுவார்கள். சிநேகிதமும் அதோடு போகும்.

சீமையில் வேறு முறை

இங்கிலாந்தில் 1993 முதல் வழங்கும் கவுன்சில் வரி, பெரும்பாலும் வீட்டில் குடியிருப்பவரே கட்ட வேண்டிய வரி. ஒரே வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பு. மொத்தத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். அறை அறையாகத் தனித்தனியே வாடகைக்கு விடும் வீடானால் வீட்டுக்காரர் கட்டுவார். தனியாக இருப்பவருக்கு நூற்றுக்கு 25 சலுகை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் சேர்ந்து குடியிருக்கும் தமிழர்களும் இந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே வரி முதலில் வீட்டுக்காரருடையது என்பதால் நம் பாடு கொஞ்சம் தேவலை.

செய்ய வேண்டியவை

அட்வான்ஸ் கொடுக்குமுன் கடைசி வருடக் கந்தாய ரசீதைக் கேளுங்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பஞ்சாயத்து தரும் 'நமூனெ 9' படிவத்தில் பார்க்கலாம்.

"வீட்டு வரி உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். அவருடைய வெளியூர் விலாசமும் அதில் இருக்கட்டும்.

கன்னட நோட்டீசு வந்தால் பயந்து மடித்து வைக்காதீர்கள். 'பாக்கி' அங்கேயும் பாக்கிதான். 'மாலீக' என்றால் உரிமையாளர், 'பாடிகெ' என்றால் வாடகை. தெரிந்தவரை விட்டுப் படிக்கச் சொல்லி, உரிமையாளர் விலாசத்தை எழுத்து மூலம் பஞ்சாயத்துக்குக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு தபால் போடுங்கள்.

நீங்களே கட்ட நேர்ந்தால் அந்த வீட்டு எண்ணுக்கு ரசீது வாங்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாமல் "கட்டிவிட்டேன்" என்பது, டிக்கெட் தொலைந்துவிட்டது என்று பரிசோதகரிடம் சொல்வது போலத்தான்.

கூட இருப்பவர் போகும்போது, அன்றுவரை உள்ள வாடகை, கரண்டு, வரிக் கணக்கை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

தகராறு முற்றினால் தாலுகா சட்டப் பணிக் குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987-ம் வருடச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி கிடைக்கும்.

வெளியூரில் நமக்குச் சாட்சி சொல்ல மாமன் மச்சான் வரமாட்டார்கள். காகிதம்தான் சாட்சி. அதை எழுதி வாங்கி, பெட்டியின் அடியில் பத்திரமாக வையுங்கள்.